ஊதும் காற்றில் தொற்றைத் தேடுவது: சாம்பிள் எடுப்பது முதல் எண்ணைப் படிப்பது வரை

மூச்சை வைத்துத் தொற்றைக் கண்டுபிடிக்க இரண்டு வழி இருக்கிறது. கிருமிக்கு ஓர் இரையைப் போட்டுவிட்டு, அதை அது தின்றதா என்று வெளிமூச்சில் பார்ப்பது ஒன்று. எதையும் கொடுக்காமல், மூச்சோடு தானாக வரும் நூற்றுக்கணக்கான ஆவிகளில் தொற்றின் சாயலைத் தேடுவது மற்றொன்று. முதல் வழி பல ஆண்டுகளாக அன்றாட மருத்துவத்தில் இருக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. முதல் வழியில் நாம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம், மூச்சு அதற்கு மட்டும் பதில் சொல்கிறது. இரண்டாவதில் சந்தைக்கடை இரைச்சலுக்குள் ஒரு குரலைப் பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டும் கெட்டுப்போகிற இடம் ஒன்றுதான். கருவிக்குள் போகும் முன்பே, சாம்பிள் எடுக்கும் ஐந்து நிமிடத்தில் அல்லது அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் கெட்டுவிடும். அதனால் இங்கே கருவியைப் பற்றிக் குறைவாகவும், ஊதவைப்பதைப் பற்றி அதிகமாகவும் எழுதுகிறோம்.

இரை போட்டுப் பார்ப்பது: யூரியா மூச்சுப் பரிசோதனை

இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் வளர்த்துக் காட்டினார்கள். 2005-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1994-லேயே இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பெரும்பாலும் சிறுவயதில் தொற்றிக்கொண்டு, பல பத்தாண்டுகள் சத்தமே இல்லாமல் இருக்கும். புண்ணோ புற்றோ தலைகாட்டும் முன் பிடிப்பதுதான் இங்கே ‘ஆரம்பத்திலேயே கண்டறிவது’ என்பதன் பொருள்.

அமிலத்தில் உயிர் பிழைக்க இந்தக் கிருமி யூரியேஸ் என்ற நொதியை ஏராளமாகச் சுரக்கிறது. அது யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கும். மனித உடலின் செல்களுக்கு அந்த நொதி கிடையாது. ஆகவே கார்பன்-13 (கார்பனின் சற்றே கனமான வகை) அடையாளமிட்ட யூரியாவைக் குடிக்கக் கொடுத்தால், கிருமி இருப்பவரின் வெளிமூச்சில் அரை மணி நேரத்துக்குள் கார்பன்-13 கரியமில வாயு கூடும். கிருமி இல்லாதவரின் யூரியா உடைபடாமல் சிறுநீரில் போய்விடும். கார்பன்-13 கதிரியக்கம் இல்லாதது. நம் உடலில் உள்ள கார்பனில் ஏறத்தாழ 1.1 சதவீதம் எப்போதும் அதுதான். கார்பன்-14 கேப்ஸ்யூல் வகையும் உண்டு. 37 கிலோபெக்கரெல் என்ற மிகச் சிறிய கதிரியக்க அளவுதான் அதில் இருக்கிறது என்றாலும், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கார்பன்-13 வகையையே எடுக்க வேண்டும்.

முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள்

தேதி குறிக்கும்போதே கேட்க வேண்டிய கேள்விகள் இவை. பரிசோதனை நாளன்று கேட்டால் பயனில்லை.

அமிலச் சுரப்பைத் தடுக்கும் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், ரபிப்ரசோல், லான்சோப்ரசோல் போன்ற மாத்திரைகளையும், புதிதாக வந்த வோனோபிரசானையும் 14 நாள் நிறுத்தியிருக்க வேண்டும். இந்த மாத்திரைகள் கிருமியைக் கொல்வதில்லை, அதன் எண்ணிக்கையைக் குறைத்து வேலையையும் மந்தமாக்கிவிடும். 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், தொற்று உறுதியாக இருந்தவர்கள் நான்கு வாரம் லான்சோப்ரசோல் எடுத்த பிறகு மூன்றில் ஒருவருக்கு ‘கிருமி இல்லை’ என்று வந்தது. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் ஆனதும் எல்லோருக்கும் மறுபடி ‘உண்டு’ என்றது. இரண்டு வாரக் கணக்கு இப்படித்தான் வந்தது.

ஆன்டிபயாடிக், பிஸ்மத் மருந்துகள் என்றால் நான்கு வாரம். தொண்டை வலிக்கு, பல் வலிக்கு எடுத்த ஆன்டிபயாடிக்கும் இதில் சேரும். “வயிற்றுக்கு எதுவும் சாப்பிடவில்லை” என்று சொல்பவரிடமும் “கடந்த ஒரு மாதத்தில் எந்த நோய்க்காவது ஆன்டிபயாடிக் எடுத்தீர்களா?” என்று தனியாகக் கேளுங்கள். கிருமிக்குச் சிகிச்சை முடித்துவிட்டு, ஒழிந்ததா என்று பார்க்க வருகிறவரும் சிகிச்சை முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்தே வரவேண்டும்.

மாத்திரையை நிறுத்தினால் நெஞ்செரிச்சல் திரும்பும், இரண்டு வாரம் தாக்குப்பிடிக்க முடியாமல் இடையில் ஒன்றிரண்டு போட்டுக்கொண்டு வெளியே சொல்லாமல் வருகிறவர்கள் உண்டு. அந்த இடைவெளிக்குச் சாதாரண அமில முறிப்புச் சிரப்போ, ஃபமோடிடின் வகை மாத்திரையோ போதுமா என்று மருத்துவரிடம் முன்பே பேசி வைப்பது நல்லது. ஃபமோடிடினையும் கடைசி இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். ரத்தவாந்தி, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் போன்ற காரணங்களுக்காக அமிலத் தடுப்பு மாத்திரை எடுப்பவர் அதைத் தானாக நிறுத்தவே கூடாது. அவருக்கு மாத்திரையோடேயே பரிசோதனை செய்து ‘உண்டு’ என்று வந்தால் அதை நம்பலாம். ‘இல்லை’ என்று வந்தால் நம்பக்கூடாது.

வெறும் வயிறு ஆறு மணி நேரம். காலையில் வைத்துக்கொள்வது சுலபம். முந்தைய இரவு உணவில் மக்காச்சோளம், கரும்புச் சர்க்கரை, சோளம் அதிகம் வேண்டாம். இந்தப் பயிர்கள் காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் முறையே வேறு. நெல், கோதுமையைவிட இவற்றில் கார்பன்-13 கொஞ்சம் கூடுதல். யூரியாவுக்கு முந்தைய சாம்பிள் எடுப்பதால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் கழிந்துவிடும். ஆனால் இரண்டு சாம்பிளுக்கும் இடையில் யாராவது ஒரு மிட்டாய் தந்தால் கணக்கு குழம்பும்.

பரிசோதனை நடக்கும் விதம்

பெரியவர்களுக்குப் பரவலாக உள்ள முறை 75 மி.கி. கார்பன்-13 யூரியா, முப்பது நிமிட இடைவெளி. மாத்திரை வடிவில் 100 மி.கி., இருபது நிமிடம் என்ற முறையும் இருக்கிறது. அதில் மாத்திரையைக் கடிக்காமல் விழுங்கி, ஐந்து நிமிடம் இடப்பக்கம் சாய்ந்து படுத்து, பிறகு உட்கார வேண்டும். கிட்டுக்குக் கிட்டு வரிசையும் நேரமும் முடிவு எல்லையும் மாறும். ஒரு கிட்டின் நேரத்தை இன்னொரு கிட்டின் எல்லையோடு சேர்த்துப் படிக்காதீர்கள்.

75 மி.கி. முறையில், வந்தவரைப் பத்து நிமிடம் உட்காரவைத்து வாயை நன்றாகக் கொப்பளிக்கச் செய்யுங்கள். யூரியா கொடுக்கும் முன் இரண்டு குழாய்களில் முதல் சாம்பிளை எடுங்கள். ஒரு கிராம் சிட்ரிக் அமிலத்தை 200 மி.லி. தண்ணீரில் கரைத்தோ, இனிப்புச் சேர்க்காத ஆரஞ்சுச் சாறு 200 மி.லி. ஆகவோ குடிக்கக் கொடுங்கள் (சில கிட்டுகளில் இது முதல் சாம்பிளுக்கு முன்பே வரும்). ருசிக்காகக் கொடுப்பது என்று நினைத்து இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அமிலம் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, அதனால் யூரியா அங்கேயே தங்கும். கிருமிக்குள் யூரியா நுழையும் வாசலும் அமிலச் சூழலில்தான் திறக்கும். வெறும் தண்ணீரில் கொடுத்தால் பலவீனமான தொற்றுகள் நழுவிப்போகும்.

உடனே யூரியாப் பொடியை 30 மி.லி. தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் குடிக்கச் செய்து, அதே குவளையில் மறுபடி தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடிக்கச் செய்யுங்கள். 75 மி.கி. என்பது விரல் நுனியில் ஒட்டிக்கொள்கிற அளவு. குவளையின் அடியில் தங்குவது மருந்தில் கணிசமான பங்காக இருக்கலாம். குடித்து முடித்த நொடியிலிருந்து கடிகாரத்தைத் தொடங்குங்கள்.

அடுத்த முப்பது நிமிடமும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். மாடி ஏறி இறங்கினால் உடல் அதிகக் கரியமில வாயுவை உண்டாக்கும், அடையாளமிட்ட வாயு அதில் நீர்த்துப்போகும். புகை, சூயிங்கம், தண்ணீர் எதுவும் கூடாது. முப்பதாவது நிமிடத்தில் மறுபடி இரண்டு குழாய். இதை அவசரப்பட்டுப் பத்தாவது நிமிடத்திலேயே எடுத்தால், வாய்க்குள் இருக்கும் வேறு பாக்டீரியாக்களின் யூரியேஸ் உடைத்த யூரியாவும் கணக்கில் சேர்ந்து, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டலாம்.

ஒரு குழாயை நிரப்புவது

இந்த ஒரு செயலைச் சரியாகக் கற்றுக்கொண்டால் திரும்பி வரும் சாம்பிள்களில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

கண்ணாடிக் குழாயின் மூடியைத் திறந்து மூடியைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மேஜையில் வைக்க வேண்டாம். ஸ்ட்ராவைக் குழாயின் அடி தொடும்வரை இறக்குங்கள். வந்தவரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “மூச்சை உள்ளே இழுங்க. பிடிச்சுக்கங்க, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. இப்ப மெதுவா, சீரா ஊதுங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க.” ஊதத் தொடங்கியதும் வருவது வாயிலும் மூச்சுக்குழலிலும் தங்கியிருந்த காற்று, பெரியவருக்கு அது ஏறத்தாழ 150 மி.லி. அதில் நுரையீரலின் செய்தி இல்லை. நான்கைந்து நொடி ஊதியபின் குழாயின் உட்சுவரில் பனி படரும். பனி படர்ந்த பிறகும் ஊதிக்கொண்டே இருக்கும்போது ஸ்ட்ராவை மெல்ல மேலே இழுத்து எடுத்து, அதே கையசைவில் மூடியைத் திருகுங்கள்.

ஊதி முடித்து, ஸ்ட்ராவை எடுத்து, பிறகு மூடியைத் தேடினால், அந்த இடைவெளியில் அறைக் காற்று உள்ளே இறங்கிவிடும். மூச்சின் கடைசிப் பகுதியில் கரியமில வாயு நான்கைந்து சதவீதம். அறைக் காற்றில் அது 0.04 சதவீதம். அகச்சிவப்புக் கருவிகள் கரியமில வாயு குறைந்த சாம்பிளை ‘போதாது’ என்று ஒதுக்கிவிடும். சில சமயம் ஒதுக்காமல் தடுமாறிய எண்ணையும் தரும், அது இன்னும் மோசம். பாக்கெட்டில் பிடிக்கும் வகையிலும் இதேதான்: தொடக்க மூச்சை வெளியே விட்டுவிட்டுப் பிற்பகுதியைப் பாக்கெட்டுக்குள் ஊதச் சொல்லுங்கள், வாயை எடுக்கும் முன் முனையை மடித்துப் பிடியுங்கள். கண்ணாடிக் குழாய் வாரக்கணக்கில் தாங்கும். பாக்கெட்டை அன்றன்றே படித்துவிடுவது நல்லது.

குழாய்களுக்கு ‘0’, ‘30’ என்ற ஸ்டிக்கரை ஊதும் முன்பே ஒட்டுங்கள். இடம் மாறினால் முடிவு அப்படியே தலைகீழாகி எதிர்மறை எண்ணாக வரும். பெரிய எதிர்மறை எண் வந்தால் கருவியைச் சந்தேகிக்கும் முன் ஸ்டிக்கரைப் பாருங்கள்.

எண்ணைப் படிப்பது

கருவி தருவது ஆயிரத்துக்கு இத்தனை என்ற டெல்டா மதிப்பு. ஒரு நிலையான அளவுகோலைவிடச் சாம்பிளில் கார்பன்-13 எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு என்பதே அது, கழித்தல் குறி வந்தால் குறைவு. முதல் சாம்பிளின் டெல்டாவை இரண்டாவதிலிருந்து கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக முதல் சாம்பிள் −26.1, முப்பதாவது நிமிடம் −14.3 என்றால் ஏற்றம் 11.8, தொற்று உண்டு. −25.4 ஆக இருந்தது −24.6 ஆனால் ஏற்றம் 0.8, இல்லை. 75 மி.கி., முப்பது நிமிட முறையில் எல்லை பெரும்பாலும் 4. எல்லையை ஒட்டி 2-க்கும் 5-க்கும் நடுவே வருவதை நாங்கள் முடிவாக எடுத்துக்கொள்ள மாட்டோம். மருந்துச் சீட்டை மறுபடி கிளறிப் பார்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துத் திரும்பச் செய்வதோ, மலத்தில் ஆன்டிஜென் (கிருமியின் புரதத் துணுக்கு) பார்ப்பதோதான் சரி. ஏற்றம் 40 என்று வந்தால் 12 வந்தவரைவிட நோய் மும்மடங்கு என்று பொருளல்ல. இந்த எண்ணை உண்டா இல்லையா என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரியாகச் செய்தால் இதன் துல்லியம் 95 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஆறு வயதுக்குக் கீழே அது குறையும். சமீபத்தில் வயிற்றில் ரத்தக்கசிவு இருந்தவர்களுக்கும், இரைப்பையின் ஒரு பகுதி வெட்டப்பட்டவர்களுக்கும் ‘இல்லை’ என்ற பதிலை அப்படியே ஏற்கக் கூடாது. புண்ணையோ புற்றையோ இந்தப் பரிசோதனை காட்டாது. எடை குறைவு, விழுங்கச் சிரமம், கறுப்பு மலம் உள்ளவரை ஊதவைத்து நாளைக் கடத்தாமல் எண்டோஸ்கோப்பிக்கு அனுப்புங்கள்.

இரை போடாமல் தேடுவது

1971-ல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழு மூச்சைக் குளிர்வித்துப் பிடித்து, அதில் ஏறத்தாழ 250 பொருட்கள் இருப்பதைப் பிரித்துக் காட்டியது. தொற்றோடு தொடர்புபடுத்தி ஆராயப்படும் ஆவிகள் பல. சூடோமோனாஸ் ஏருஜினோசா பாக்டீரியா ஹைட்ரஜன் சயனைடு வெளியிடுகிறது. அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைக்கு 2-பென்டைல்ஃபியூரான். காசநோய்க் கிருமிக்கு மெத்தில் நிகோட்டினேட். ஆனால் ஹைட்ரஜன் சயனைடு வாய்க்குள்ளேயே உண்டாகிறது, 2-பென்டைல்ஃபியூரான் பல உணவுகளில் இருக்கிறது. அளவோ பல சமயம் நூறு கோடியில் சில பங்கு. இந்த இரண்டு காரணங்களால் இங்கே சாம்பிள் எடுப்பது யூரியா பரிசோதனையைவிடப் பத்து மடங்கு நுணுக்கமானது.

ஆய்வுக்காகச் செய்பவர்களுக்கான முறை இது. டெனாக்ஸ் டி.ஏ. (ஆவிகளைப் பிடித்து வைக்கும் பொருள்) நிரப்பிய 89 மி.மீ. நீள எஃகுக் குழாய்களை எடுத்து, 300 டிகிரி செல்சியஸுக்கு மேல், 350-ஐத் தாண்டாமல், நைட்ரஜன் ஓட்டத்தில் ஒரு மணி நேரமாவது சுட்டுச் சுத்தப்படுத்துங்கள். பித்தளை மூடியால் இரு முனையையும் மூடுங்கள். ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு குழாயைத் திறக்காமலேயே வைத்திருந்து கடைசியில் அதையும் ஆவிகளைப் பிரித்து அளக்கும் கருவியில் ஓட்டுங்கள். அதில் வருவதெல்லாம் குழாயின் சொந்த அழுக்கு. பென்சால்டிஹைடும் அசிட்டோஃபீனோனும் டெனாக்ஸ் சிதைவதிலிருந்தே வரும். அவற்றை நோயின் அடையாளமாகக் கொண்டாடிவிட வேண்டாம்.

ஊதுபவர் முந்தைய இரவிலிருந்து தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடாமல், புகைக்காமல், அன்று பல் துலக்காமல் வரட்டும். பற்பசையின் மெந்தால் மணிக்கணக்கில் மூச்சில் நிற்கும். பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் எழுந்து நடந்தாலே, மூச்சில் இயல்பாக உள்ள ஐசோபிரீன் என்ற ஆவி சில நொடிகளில் எகிறும். அறையில் கை கழுவும் ஆல்கஹால் பாட்டில் திறந்திருக்கக் கூடாது. ஊதுகுழலில் சிலிக்கான் ரப்பர் வேண்டாம், அந்த ரப்பரிலிருந்து கசியும் சிலாக்ஸேன் ஆவிகள் முடிவில் வரிசையாக வந்து நிற்கும். கிருமி வடிகட்டி கட்டாயம், ஊதுகுழல் ஒருவருக்கு ஒன்று. சுவாசத் தொற்று இருக்கலாம் என்று சந்தேகிக்கும் ஒருவரை நம் முகத்துக்கு எதிரே ஊதச் சொல்கிறோம் என்பதை மறக்காதீர்கள். எடுப்பவருக்கு என்-95 முகக்கவசமும் அறைக்கு நல்ல காற்றோட்டமும் வேண்டும்.

முதல் 300 மி.லி. மூச்சைத் தனிப் பக்கப் பைக்கு விட்டுவிட்டு, மீதியை முதன்மைப் பைக்குள் பிடியுங்கள். டெட்லர் (ஒரு வகை பிளாஸ்டிக்) பை என்றால் நைட்ரஜனால் மூன்று முறை அலசியிருக்க வேண்டும். அப்படியும் ஃபீனாலும் டைமெதில்அசிட்டமைடும் பையிலிருந்தே வரும், அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். பையை 37 டிகிரிக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 100 மி.லி. வேகத்தில் ஐந்து நிமிடம், அதாவது 500 மி.லி., குழாய் வழியே இழுங்கள். பை ஆறினால் சுவரில் நீர் கோத்து, நீரில் கரையும் பொருட்கள் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். உடனே இன்னொரு குழாயில் அதே 500 மி.லி. அறைக் காற்றையும் பிடியுங்கள். மூடி, 4 டிகிரியில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் ஓட்டிவிடுங்கள்.

அறைக் காற்றின் அளவை மூச்சின் அளவிலிருந்து வெறுமனே கழித்துவிடுவது தவறு. நுரையீரல் உள்ளே இழுத்ததில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. அறையில் அதிகமாக இருந்த பொருளைச் சந்தேகப் பட்டியலில் வைப்பதற்கு மட்டும் அந்தக் குழாயைப் பயன்படுத்துங்கள்.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டு ஆய்வை மொத்தமாகக் கவிழ்க்கும் பிழை ஒன்று உண்டு. நோயாளிகளின் மூச்சை வார்டிலும், நலமானவர்களின் மூச்சை அலுவலக அறையிலும் எடுப்பது. அப்போது இரு குழுவையும் பிரிக்கப் பழக்கும் கணினி கற்றுக்கொள்வது வார்டின் கிருமிநாசினி வாசனையை. நோயாளிகளின் குழாய்களைத் திங்கட்கிழமையும் மற்றவற்றை வெள்ளிக்கிழமையும் ஓட்டினாலும் அதே கதைதான். ஒரே அறை, ஒரே தொகுப்புக் குழாய்கள், சீட்டுக் குலுக்கிய வரிசை என்று தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். நாற்பது பேரின் மூச்சில் முந்நூறு பொருட்களை அளந்தால், தற்செயலாகவே சில பொருட்கள் இரு குழுவையும் அழகாகப் பிரிக்கும். வேறொரு மருத்துவமனையில் புதிதாக எடுத்த சாம்பிள்களில் அதே பிரிப்பு நிற்கும்வரை அதை யாரிடமும் பரிசோதனை என்று சொல்ல வேண்டாம்.

நோய் அரிதாக இருக்கும் இடத்தில்

2022 ஏப்ரல் 14-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கோவிட்-19-க்கான ஒரு மூச்சுக் கருவிக்கு அவசரகால அனுமதி தந்தது. ஐந்து ஆவிகளைப் பார்த்து மூன்று நிமிடத்துக்குள் பதில் சொல்லும். 2,409 பேரிடம் பார்த்ததில் தொற்று உள்ளவர்களில் 91.2 சதவீதத்தையும், இல்லாதவர்களில் 99.3 சதவீதத்தையும் சரியாகச் சொன்னது. கேட்க அருமையான எண்கள். இவற்றை ஆயிரம் பேருக்குப் பொருத்திப் பாருங்கள். நூறு பேருக்குத் தொற்று இருந்தால் 91 பேரைப் பிடிக்கும், தவறாகச் சுட்டுவது 6 பேரை. ஐந்து பேருக்கே தொற்று இருக்கும் காலத்தில் அந்த ஐந்தில் நான்கைந்தைப் பிடிக்கும், தவறாகச் சுட்டுவதோ 7 பேரை. கருவி மாறவில்லை, ஆனால் ‘உண்டு’ என்று வந்தவர்களில் பாதிக்கு மேல் நலமானவர்கள். அறிகுறியே இல்லாதவர்களிடம் ஆரம்பத்திலேயே தேடுகிற எந்தப் பரிசோதனையும் இந்த இரண்டாவது நிலையில்தான் நிற்கும். அதனால் அந்த அனுமதியிலேயே, ‘உண்டு’ என்று வருவதை மூலக்கூறு பரிசோதனையால் (பி.சி.ஆர். போன்றது) உறுதி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். உங்கள் படிவத்திலும் ‘உண்டு’, ‘இல்லை’ என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் ‘உறுதி செய்த பரிசோதனை’, ‘தேதி’ என்று இன்னும் இரண்டு கட்டங்களை அச்சிட்டுக்கொள்ளுங்கள்.